பந்து அடியும், காசு மட்டும் வாங்காதேயும்

தம்பி, உம்மடை கேள்வியை மூண்டு தரம் வாசிச்சன். மான்செஸ்டரிலை மேற்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு, வாடகை குறைவெண்டு, மான்செஸ்டருக்குக் கிட்ட, நான் இருக்கிற விகன் எண்ட ஊரிலை ஒரு அறை பாத்து வைச்சிருக்கிறீர். விகனிலை எங்கட சனம் இல்லையாமே எண்டு ஒரு பயம். லண்டனிலை மாமா இருக்கிறபடியா பேசாம அங்கை மாறுவமோ எண்டு இன்னொரு யோசனை. பிறகு ஜக்கெற், பாங்க், சிம், அரிசி. எல்லாத்துக்கும் கடைசியா, கேக்கிறதோ விடுறதோ எண்ட மாதிரி ஒரு வரி: "ஊரிலை கழகத்துக்கு விளையாடினனான் அண்ணை, அங்கையும் விளையாட ஏலுமோ?"

நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதப் போறன். சிம்மும் பாங்கும் வந்து ரெண்டு கிழமையிலை தானா நடக்கும். அரிசிக்கு ஒருத்தரும் இஞ்சை செத்ததில்லை. ஜக்கெற் ஊரிலை வாங்கிக்கொண்டு வராதேயும், அது இஞ்சத்தைக் குளிருக்கு சேர்ட் மாதிரி.

விளையாட ஏலும். ஆனால் முதல்லை இதை மண்டையிலை போடும். மாணவர் விசாவிலை தொழில்முறை விளையாட்டு வீரரா வேலை செய்ய ஏலாது. பயிற்றுநர் வேலைக்கும் அதே கதை. படிப்பு நடக்கிற காலத்திலை கிழமைக்கு 20 மணித்தியாலம் கடையிலை நிக்கலாம், சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவலாம், பந்துக்கு மட்டும் காசு வாங்கக்கூடாது. இஞ்சை கீழ்ப்படிகளிலை கன கழகங்கள் இருக்கு. நல்லா ஓடுற பெடியன் ஒருத்தனைக் கண்டால், ஆட்டம் முடிய உடுப்பு மாத்திற அறையிலை வைச்சு 'பெற்றோல் காசு' எண்டு இருபது பவுண்ஸைக் கையுக்குள்ளை திணிப்பினம். அவை அன்பாத்தான் தருவினம். தாற மனிசனுக்கு உம்மடை விசாவிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியாது. நீர்தான் 'வேண்டாம்' எண்டு சொல்லவேணும்.

ஊரிலை இருக்கேக்கையே, 'இங்கிலாந்துக் கழகத்திலை ட்ரயல் எடுத்துத் தாறன், இவ்வளவு லட்சம் கட்டு' எண்டு ஆரும் வந்தால் படலையைச் சாத்தும். உண்மையா ஒரு கழகத்துக்கு உம்மிலை விருப்பமெண்டால் அது உம்மட்டைக் காசு கேக்காது. ஏஜென்சிக்காரரைப் பற்றி எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 'லண்டன், லண்டன்' எண்டு என்னை ஏத்தின மனிசன் வீட்டுக் காணி உறுதியையும் சேத்து விழுங்கினவர்.

உம்மடை அந்த வரியைப் பாத்த உடனை எனக்கு ஞாபகம் வந்தது ஒரு ஸ்பானியக்காரன். ரொபேர்ட்டோ மார்ட்டினெஸ். 2023இலை போர்த்துக்கல் தேசிய அணிக்குப் பயிற்றுநரா வந்தவர், ரீவியிலை பாத்திருப்பீர். விகனிலை அவரைப் பயிற்றுநரா நினைக்கிறதுக்கு முதல், வாடகை வீட்டிலை இருந்த பெடியனா நினைக்கிற சனம் இன்னும் இருக்கு.

கற்றலோனியாவிலை, லெய்டா மாகாணத்திலை, செக்ரே ஆத்தங்கரையிலை பலகேர் எண்டு ஒரு சின்ன ஊர். 1973இலை அங்கை பிறந்தவர். தகப்பனும் பந்தடிச்சவர். 16 வயதிலை ரியல் சரகோசாவுக்குப் போனார். ஸ்பெயினின்ரை மேல் லீக்கிலை அவர் விளையாடினது எத்தினை ஆட்டம் தெரியுமோ? ஒண்டு. பேந்து திரும்பி வந்து ஊர்க் கழகத்திலை நிண்டார். உமக்கும் எனக்கும் விளங்கிற நிலைமை அது: ஊரிலை கெட்டிக்காரன், பெரிய இடத்திலை கதவு திறக்கேல்லை.

1995 மே 10ஆம் திகதி, பாரிசிலை சரகோசா லண்டன் கழகமான ஆர்சனலை வெண்டு கப் வின்னர்ஸ் கப் எண்ட ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. மேலதிக நேரத்தின்ரை கடைசி நிமிசத்திலை சரகோசா வீரர் நயீம் தூரத்திலை இருந்து தூக்கிப் போட்ட பந்து கோல்காப்பாளரின்ரை தலைக்கு மேலாலை போய் விழுந்தது. நயீம் முந்தி லண்டனிலை டொட்டனத்துக்கு விளையாடிப்போட்டு நாடு திரும்பினவர். ஒருத்தர் இங்கிலாந்தாலை திரும்பிப் போய் சரகோசாவிலை தெய்வமாகிறார். அதே கோடையிலை, சரகோசாவிலை இடம் கிடைக்காத பெடியன் இங்கிலாந்துக்கு ஏறுறான். அதுவும் லண்டனுக்கில்லை, விகனுக்கு.

விகன் அத்லெற்றிக் அப்ப மூண்டாம் டிவிஷன். பேர்தான் மூண்டு, மேலை பிரிமியர் லீக் தனியா இருக்கிறபடியா உண்மையிலை நாலாம் படி. போதாக்குறைக்கு இந்த ஊரிலை பந்தெண்டால் ரக்பி. விகன் ரக்பிக்காரர் 1988இலை இருந்து 1995 வரைக்கும் ஒரு வருஷமும் விடாம எட்டுத் தரம் சலஞ்ச் கப் எடுத்தவை. உதைபந்தாட்டம் மாற்றாந்தாய்ப் பிள்ளை. அப்பிடியான இடத்துக்கு ஸ்பெயினிலை இருந்து ஆள் வந்தது கடை விசயத்தாலை. கழகத்தை வாங்கின டேவ் வீலன், ஜேஜேபி எண்ட விளையாட்டுச் சாமான் கடைகளின்ரை முதலாளி. சரகோசாவிலை கடை போடுற தொடர்பாலைதான் இந்தப் பெடியளின்ரை பேர் அவரிட்டைப் போய்ச் சேந்தது. மார்ட்டினெஸோடை ஹேசூஸ் செபா, இசிட்ரோ டியாஸ் எண்டு இன்னும் ரெண்டு பேர். மூண்டு பேரும் ஒரே வீட்டிலை. சனம் 'மூண்டு அமிகோ' எண்டு பேர் வைச்சுது, அமிகோ எண்டால் ஸ்பானியத்திலை கூட்டாளி, பெரிய வட்டத் தொப்பியளைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்துது. அந்தத் தொப்பி மெக்சிகோவின்ரை. ஸ்பெயினுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'ஹேசூஸ் ஒரு விகன்காரன்' எண்டு சட்டையிலை அடிச்சும் போட்டவை. யேசுநாதரின்ரை பேர்தானே அது.

என்னையும் இருபத்தைஞ்சு வருஷமா 'பாகிஸ்தானோ' எண்டு கேக்கினம். முதல் ஐஞ்சு வருஷம் வரைபடம் கீறி விளங்கப்படுத்தினன். இப்ப 'ஓம், அதுக்குக் கொஞ்சம் கீழை' எண்டு சொல்லிப்போட்டுப் போறன்.

நான் வந்தது 2000ஆம் ஆண்டு. அகதி விண்ணப்பம் போட்ட ஆக்களை லண்டனிலை வைச்சிருக்காம வடக்குக்குப் பிரிச்சு அனுப்பத் தொடங்கின வருஷம் அது. தனி ஆளுக்குக் கிழமைக்கு 36 பவுண்ஸ் 54 பென்ஸ். அதிலை 10 பவுண்ஸ் காசு, மிச்சம் வவுச்சர். வவுச்சருக்குக் கடையிலை மிச்சக் காசு தரமாட்டினம். 5 பவுண்ஸ் துண்டுக்கு 4 பவுண்ஸ் 60க்குச் சாமான் எடுத்தால் அந்த 40 பென்ஸ் போனது போனதுதான். நான் ஊரிலை பாங்கிலை கணக்கு எழுதினவன். இஞ்சை கவுண்டருக்கு முன்னாலை நிண்டு விரல் மடிச்சுக் கூட்டிக் கழிச்சு, கணக்குச் சரிவர ஒரு வாழைப்பழத்தை எடுத்து வைப்பன், பேந்து அதைத் திருப்பி வைச்சிட்டு ஒரு வெங்காயத்தை எடுப்பன். பின்னாலை வரிசை நீளும். ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம், அதுதான் கூட வலிச்சுது. இப்பவும் கடையிலை பில் போடமுதல் எனக்குத் தொகை தெரியும். என்ரை மகள் பகிடி பண்ணுவாள்.

பக்கத்து வீட்டிலை ஒரு கிழவர், நிலக்கரிச் சுரங்கத்திலை வேலை செய்து ஓய்வெடுத்த மனிசன். வேலிக்கு மேலாலை கதைப்பார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆங்கிலத்திலை திறமைச் சித்தி எடுத்தவன் நான், தம்பி! ஒருநாள் 'நாளைக்கு டீக்கு வா' எண்டார். அது விளங்கினது. தேத்தண்ணி தானே எண்டு ஐஞ்சு மணிக்கே சோறும் பருப்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போனன். மேசையிலை மாவாலை மூடிச் சுட்ட, 'பை' எண்டு சொல்லுற பெரிய இறைச்சிப் பண்டம், கஞ்சி மாதிரி அவிச்ச பச்சைப் பட்டாணி, ஒரு மலை உருளைக்கிழங்கு. இந்த ஊரிலை மத்தியானச் சாப்பாடு டின்னர், இரவுச் சாப்பாடு டீ. அந்தப் பையை வெட்டின பணிசுக்குள்ளை வைச்சும் சாப்பிடுவினம், மாவுக்குள்ளை மாவு. மனம் நோகக்கூடாதெண்டு முழுக்கச் சாப்பிட்டு, வீட்டை போய் விடிய விடிய உலாத்தினன்.

அந்த மேசையிலைதான் மூண்டு ஸ்பானியரின்ரை கதை முழுக்கக் கேட்டது. கிழவரின்ரை மனிசிக்குச் சுகமில்லாமப் போக, அவவின்ரை சீசன் டிக்கெற் எனக்கு வந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் பார்க் எண்ட பழைய மைதானத்தை விட்டு 1999இலை புது மைதானத்துக்கு மாறியிருந்தவை. 25,000 பேர் இருக்கலாம், பாதிக்கு மேலை கதிரை வெறுமை. நடுவிலை மார்ட்டினெஸ். மற்றவை எல்லாம் பந்து காலுக்கு வந்த உடனை ஆகாயத்துக்கு அனுப்புவினம், இந்த மனிசன் அதை நிலத்திலை வைச்சு, தலையை நிமித்திப் பாத்து, பக்கத்திலை நிக்கிறவனுக்கு ஒரு பத்தடிக்குத் தள்ளிவிடும். வேகம் இல்லை. ஆனால் கத்துறது, கையைக் காட்டுறது, சண்டை பிடிக்கிறது எல்லாம் ஆங்கிலத்திலை, அதுவும் கிழவரின்ரை ஆங்கிலத்திலை! எனக்கு அண்டைக்கு வயித்தெரிச்சல் எண்டுதான் சொல்லவேணும். ஐஞ்சு வருஷத்திலை இவனாலை ஏலுமெண்டால்?

செபா கனகாலம் நிக்கேல்லை, ஸ்பெயினுக்குத் திரும்பிட்டார். டியாஸ் வேறை இங்கிலாந்துக் கழகங்களும் பாத்தார். மார்ட்டினெஸ் ஆறு வருஷம். முதல் பருவத்திலையே கழகத்துக்குக் கூட கோல் அடிச்சவர் அவர்தான், 1997இலை மூண்டாம் டிவிஷனை வெண்டு மேலை போனவை. இதையெல்லாம் விட எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது வேறை. பிசியோதெரபி படிச்சவர், பந்தடிச்சுக்கொண்டே மான்செஸ்டர் மெட்ரோபொலிற்றன் பல்கலைக்கழகத்திலை வணிக முகாமைத்துவமும் படிச்சவர். நீர் நாளைக்குப் படிக்கப் போற அதே நகரம். இதைக் கேட்டுத்தான் நான் ஆஸ்பத்திரியிலை கட்டில் தள்ளிக்கொண்டே பின்னேர வகுப்புக்குப் போய்க் கணக்கியல் திரும்பப் படிச்சன்.

மூண்டு பேர் ஒரு வீட்டிலை இருந்ததைப் பிழையெண்டு நான் சொல்ல வரேல்லை. ஸ்பெயினிலை சனம் வெளிக்கிட்டு வீதிக்கு வாற நேரத்திலை விகனிலை கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்து விடுவினம். பின்னேரம் ஆறு மணிக்கு இந்த ஊர் செத்த வீடு. முதல் மாரிக்கு தன்ர பாசை கதைக்கிற ஒரு ஆள் வேணும், இல்லாட்டி விசர் பிடிக்கும். ஆனால் ரெண்டாவது மாரியும் அந்த வீட்டுக் கதவுக்குள்ளையே இருந்தால், பிறகு வெளியிலை வர ஏலாது. லண்டனிலை எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், முப்பது வருஷம், ஒரே வீதி. தமிழ்க் கடை, தமிழ் டொக்டர், தமிழ்ச் சண்டை. டொக்டர் கடிதம் வந்தால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வரும்வரை காத்திருக்கிறது. இவைதான் எனக்கு ரெலிபோன் எடுத்து 'ஐயோ, அந்தக் காட்டுக்குள்ளை எப்பிடி இருக்கிறாய்' எண்டு பாவம் பாக்கிறது. மற்றப் பக்கத்திலை ரெண்டு வருஷத்திலை தமிழ் மறந்தவையும் இருக்கினம். அவையைப் பற்றிக் கதைச்சால் எனக்கு பிரஷர் ஏறும், விடுவம்.

மாமா வீட்டைப் பற்றி ஒரு சொல்லுத்தான். மாமா நல்லவரா இருக்கலாம். மாமாவின்ரை வீட்டிலை அறை வாடகைக்கு எடுத்தால் அவர் வீட்டுக்காரர். நான் விசா கிடைச்சு முதல்முதல் லண்டன் போய் எங்கட ஆள் ஒருத்தரின்ரை வீட்டிலைதான் இருந்தனான். கட்டின முற்பணம் இண்டைவரைக்கும் வரேல்லை. மூண்டு மாசத்திலை விகனுக்குத் திரும்பிட்டன், ரயிலாலை இறங்கேக்கை மழை. வீட்டை வந்த மாதிரி இருந்துது.

பெரிய இடத்துக்கு வந்தால் எல்லாம் சரியெண்டும் நினைக்காதேயும். ஹோசே அன்ரோனியோ ரேயெஸ் எண்டு ஒரு பெடியன், செவில்லாவுக்குப் பக்கத்திலை உத்ரேரா. மார்ட்டினெஸை விடப் பத்து மடங்கு கெட்டிக்காரன். 2004 ஜனவரியிலை ஆர்சனலுக்கு வந்தான், அந்தப் பருவம் ஆர்சனல் லீக்கிலை ஒரு ஆட்டமும் தோக்கேல்லை. எல்லாம் இருந்துது, ஆனால் மனம் ஊரிலை. அடுத்த வருஷம் ஒரு ரெலிபோன் வந்துது. எடுத்தவன் தான் ரியல் மாட்ரிட் கழகத்தின்ரை அதிகாரி புட்ரகேனோ எண்டான். பெடியன் அழாக்குறையா மனசைக் கொட்டினான்: மாட்ரிட்டுக்கு வர விருப்பம், இஞ்சை அணியிலை சிலபேர் கூடாத ஆக்கள். எடுத்தது ஒரு ஸ்பானிய வானொலிக்காரன், பகிடிக்கு. அடுத்தநாள் உலகம் முழுக்கக் கேட்டுது. 2006இலை மாட்ரிட்டுக்குப் போனான், அடுத்த வருஷக் கடைசி ஆட்டத்திலை ரெண்டு கோல் அடிச்சு லீக்கையும் எடுத்துக் கொடுத்தான். ஊருக்குத் திரும்பின பிறகு யூரோப்பா கிண்ணம் மட்டும் ஐஞ்சு. 2019இலை கார் விபத்திலை செத்துப்போனான், 35 வயது. அந்தச் செய்தி கேட்ட அண்டைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், உமக்கும் ரெலிபோன் வரும். 'உள்துறை அலுவலகத்திலை இருந்து கதைக்கிறம், விசாவிலை பிழை, உடனை காசு கட்டு' எண்டு நல்ல ஆங்கிலத்திலை, சிலவேளை நல்ல தமிழிலை. ஊர் நினைப்பிலை தனிய இருக்கிற பெடியனுக்குத்தான் அது வேலை செய்யும். வையும் போனை.

விகனை விட்டுப் போன பிறகு மார்ட்டினெஸ் பட்டபாடு கொஞ்சமில்லை. ஸ்கொட்லாந்திலை மதர்வெல், அந்தக் கழகம் 2002இலை கடனிலை மூழ்கிச்சுது. வோல்சால். பிறகு வேல்ஸிலை சுவான்சி: 2003 மே 3ஆம் திகதி கடைசி ஆட்டத்திலை ஹல் எண்ட கழகத்தை 4-2 எண்டு வெண்டிருக்காட்டி அவை லீக்கை விட்டே வெளியிலை. ஸ்கொட்லாந்துக்காரியைக் கலியாணம் முடிச்சார். 2007இலை அதே சுவான்சிக்குப் பயிற்றுநர், அடுத்த வருஷம் ஒரு டிவிஷனை வெண்டு மேலை ஏத்தினார், 2009இலை, அப்ப பிரிமியர் லீக்கிலை இருந்த விகனுக்கு வந்திட்டார். கும்பிட்ட சுவான்சிச் சனம் 'யூதாஸ்' எண்டு திட்டிச்சுது. ஒரு ஊரை விட்டுப் போனால் அந்த ஊர் பேசத்தான் செய்யும், உம்மையும் பேசும், இப்பவே ஆரோ பேசத் தொடங்கியிருப்பினம்.

இஞ்சையும் பூமாலை இல்லை. 2009 நவம்பரிலை டொட்டனம் 9-1 எண்டு அடிச்சுது. போய்ப் பாத்த சனத்துக்கு டிக்கெற் காசை வீரர்களே திருப்பிக் குடுத்தவை. அடுத்தநாள் ஆஸ்பத்திரியிலை லிவர்பூல்காரன் ஒருத்தன் என்னைக் கண்டு ஒம்பது விரல் காட்டினான். மார்ட்டினெஸ் பேட்டியிலை வந்து வழக்கம்போல எல்லாத்துக்கும் 'பினோமினல்' (பிரமாதம்) எண்டு ஏதோ சொன்னார். அந்தச் சொல்லு அவரின்ரை கைப்பழக்கம்.

இண்டைக்கு ஒரு ஸ்பானியப் பெடியன் அப்பிடிச் சும்மா ஏறி வரேலாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினதாலை 2021இலை இருந்து அவைக்கும் விசா, உதைபந்தாட்டச் சம்மேளனத்தின்ரை புள்ளிக் கணக்கு. 2003இலை செஸ்க் பாப்ரெகாஸ் 16 வயதிலை ஆர்சனலுக்கு வந்தமாதிரியும் இப்ப நடக்காது, வெளிநாட்டுப் பிள்ளையை 18க்கு முதல் எடுக்க ஏலாது. ஆஸ்பத்திரியிலை என்னோடை ஒரு ஸ்பானிய நேர்ஸ் வேலை செய்தவ, அங்கை வேலை இல்லாத காலத்திலை வந்தவ. விசா வரிசையெண்டால் என்னெண்டு அப்பத்தான் அவைக்கு விளங்கினது எண்டு நான் பகிடிக்குச் சொல்ல, மூண்டு நாள் கதைக்கேல்லை. பலகேரைப் பற்றியும் மார்ட்டினெஸைப் பற்றியும் அவவுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தது.

2013 மே 11, சனிக்கிழமை. விகன் எஃப்ஏ கப் எண்ட இங்கிலாந்துக் கிண்ணத்தின்ரை இறுதி ஆட்டத்துக்குப் போச்சுது. எதிரி மான்செஸ்டர் சிற்றி. கிழவர் அப்ப இல்லை, அவற்றை மகனோடை பஸ்ஸிலை வெம்ப்ளி போனன். வெம்ப்ளி எண்டால் எங்களுக்கு மைதானமோ? எங்கட கடையள் இருக்கிற ஈலிங் ரோட்டுத்தானே. ஆட்டத்துக்கு முதல் நீல வெள்ளைச் சால்வையோடை ஒரு கடையிலை ஏறி வடையும் தேத்தண்ணியும் கேட்டன், கூட வந்த வெள்ளைக்காரனுக்கும் சேத்து. கடைக்கார அக்கா என்னை மேலையும் கீழையும் பாத்தா.

"அண்ணை எவடத்திலை இருக்கிறியள்?"

"விகன்."

"அது எந்த நாடு?"

மழைக்குள்ளை இருந்து பாத்தம். 91ஆவது நிமிசத்திலை பென் வொட்சன் தலையாலை தட்டினது. 1-0. கால் முறிஞ்சு மாசக்கணக்கா விளையாடாமக் கிடந்து, அண்டைக்கு மாற்று வீரரா இறங்கினவன். என்ரை பக்கத்திலை நிண்ட முழு வளர்ந்த மனிசன் தகப்பன்ரை பேரைச் சொல்லிக் கத்தி அழுதான். மூண்டு நாளிலை ஆர்சனலிட்டை 4-1 எண்டு தோத்து பிரிமியர் லீக்கை விட்டு இறங்கிட்டம். ஒரே பருவத்திலை எஃப்ஏ கப்பும் எடுத்து, லீக்கிலையும் இறங்கின முதல் கழகம் நாங்கள்தான். பாத்தீரோ, 'நாங்கள்' எண்டு எழுதிப்போட்டன்.

மார்ட்டினெஸ் அதுக்குப் பிறகு எவர்ட்டன், பெல்ஜியம், 2018 உலகக் கிண்ணத்திலை மூண்டாமிடம், பிறகு போர்த்துக்கல். 2025 ஜூனிலை மியூனிக்கிலை நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டம், எதிரணி ஸ்பெயின். 2-2, பெனால்ரியிலை ஸ்பெயினை வெண்டார். பலகேரிலை அண்டைக்கு ஆருக்குக் கை தட்டியிருப்பினமோ.

சரி, நேரம் போட்டுது, விடிய வேலை. அறையை விகனிலையே எடும், மான்செஸ்டருக்கு நேர ரயில் இருக்கு. ஞாயிறு காலமை நாங்கள் கொஞ்சப் பேர் விளையாடுறம்: ரெண்டு போலந்துக்காரர், ஒரு சூடான்காரன், கிழவரின்ரை பேரன். எனக்கு முழங்கால் போனபடியா நான் கரையிலை நிண்டு கத்துறது மட்டும்தான். ஊரிலை போட்ட பூட்ஸ் கொண்டு வராதேயும், இஞ்சத்தைச் சேத்திலை வழுக்கும். நீளக் குமிழ் வைச்சது வேணும், வந்தபிறகு கூட்டிக்கொண்டுபோய் வாங்கித் தாறன். கால்மேசு மட்டும் நிறையக் கொண்டு வாரும்.